மைக்ரோமீட்டர் கட்டிய சைக்கிள்

ஒரு திருப்புளி வாங்க ஏழு மாதம் எடுத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் போயும் போயும் என் பக்கத்துப் போர்ஷனுக்கே குடிவந்தார். இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் ஊத்துக்கோட்டை ரோட்டைப் பார்த்த வீடு. நாலு போர்ஷன், ஒரு கிணறு. அவரும் நானும் ஒரே தொழிற்சாலைக்கு ரயிலேறிப் போய்வந்தோம். நான் ஆபீசில் குமாஸ்தா, அவர் ஃபிட்டர். தலைமயிரின் கனத்தைக்கூட அளக்கும் மைக்ரோமீட்டர் என்ற கருவி எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஓட்டலில் தோசை வந்தால் அதையும் அளப்பார். "இன்னா மாஸ்டர், நேத்தைக்கு இன்னிக்கு மெலிசா கீது?" என்று சண்டைக்குப் போவார். மைக்ரோமீட்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நிஜப் பெயர் அவர் மனைவி கமலாவுக்குத் தெரியும். அந்தக் காலத்து மனைவி, அவரும் சொல்ல மாட்டார்.

கமலா பிரசவம் பார்க்கும் நர்ஸ் பயிற்சி முடித்துவிட்டு அரசாங்க உத்தரவுக்குக் காத்திருந்தார். வேலை வந்தால் பூண்டிப் பக்கம் ஆறு கிராமம் சுற்ற வேண்டும். சைக்கிள் இல்லாமல் நடக்காது. ஆனால் கமலா நாலரை அடி உயரம். கடையில் விற்கும் எந்த லேடீஸ் சைக்கிளில் ஏறினாலும் மிதிக்கட்டை எட்டாது.

"கடை சைக்கிள் எதுக்கு? உன் காலுக்கு அளவெடுத்து நானே கட்டிக் குடுக்கறேன் பாரு" என்றார் மைக்ரோமீட்டர். கமலா, பாவம், நம்பிவிட்டார்.

சைக்கிள் கட்டுகிறவர் முதலில் குழாய் வாங்குவார் என்று நினைத்த நான் ஒரு மடையன். முதலில் ஆயுதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்காகப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போனார். ஒரு ஞாயிறு என்னையும் இழுத்துப்போனார். வைஸின் தாடையை மூடி, பின்னாலிருந்து டார்ச் அடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். திறந்தார், மூடினார், மறுபடி பார்த்தார்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், நீ வைஸ் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு பாக்க அஞ்சு நிமிஷந்தான்யா ஆச்சு. இது ஆயுசுக்கும் வர்ற பொருளு" என்றார் இவர். நல்ல வேளை, கமலா கூட வரவில்லை.

வைஸ் வந்தது. எங்கே பொருத்துவது? வீட்டுக்காரர் ரிடையர்டு டிக்கெட் பரிசோதகர், தெலுங்குக்காரர். எங்கள் எல்லாருக்கும் நைனா. "என் ஊட்டு செவுத்துல ஒரு ஆணி அடிச்சே, மூட்டை முடிச்சு தெருவுலதான்!" என்பது அவருடைய தினசரி சுப்ரபாதம். எனவே வைஸ் கட்டில் காலோடு முடுக்கப்பட்டது. அன்றிலிருந்து கமலா முழங்காலை மடக்கித்தான் தூங்கினார்.

அடுத்தது அரம். நகத்தில் தேய்த்துப் பார்த்தே வாங்குவார், அதனால் இரண்டு மாதம் அவருக்கு நகமே இல்லை. பிறகு இரும்பறுக்கும் ரம்பம். அதைக் கொண்டுவந்த அன்று டிரங்குப் பெட்டியிலிருந்து கமலாவின் கல்யாணப் பட்டுப்புடவை வெளியே வந்தது. எண்ணெய்த் துணி சுற்றிய ரம்பம் உள்ளே போனது. "ஏன் சார், பொடவை துரு புடிக்காதில்ல?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

ஒன்றை மட்டும் வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். சக்கரங்கள் அற்புதம். கடைக்காரர் அரை மணியில் பெண்டு எடுத்துத் தருவதை இவர் நாலு மாதம் எடுத்தார். ஒவ்வொரு ஆரக்காலாகச் சுண்டுவார், காதை வைப்பார், கால் திருகு திருகுவார். முடிவில் அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு நீங்கள் நாஷ்டா சாப்பிட்டு வரலாம், அது அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. ஆயுதம் எல்லாம் இருந்தது, சக்கரம் இருந்தது. நடுவில் சைக்கிள்தான் இல்லை. ஒரு சனிக்கிழமை தபாலில் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை கமலா பூண்டியில் சைக்கிளோடு ஆஜராக வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு.

கமலா கத்தவில்லை. "மூணு வருசமா ஆயுதம் வாங்கிக்கினே கீறீங்க. இந்த வேலை போச்சுன்னா எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். அந்த வைஸ கட்டிக்கினு தூங்குங்க" என்றார். அன்று சாயங்காலமே மைக்ரோமீட்டர் ஓடிப்போய் ஒரே கடையில் குழாய் வாங்கி வந்தார்.

ஞாயிறு, அமாவாசை. நைனா கோயில் குளத்துக்குப் போயிருந்தார். குழாய்களைப் பித்தளை உருக்கிப் பற்றவைக்கும்போது அசையாமல் பிடிக்க நேரான சட்டம் ஒன்று வேண்டும். தரை மேடுபள்ளம். சுவரில் ஆணி கூடாது. ரசமட்டம் வைத்து வீடு முழுக்கத் தேடிவிட்டுத் தெருப்பக்க ஜன்னலுக்கு வந்தார். "சார், இந்த ஊட்லயே நேரா இருக்கறது இந்தக் கம்பிங்கதான்!" ஜன்னல் கதவுகளைக் கழற்றிவிட்டு, குழாய்களைக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டி, தீயைப் பீய்ச்சும் புளோ லாம்ப்பை மூட்டினார். மத்தியானத்துக்குள் முழு ஃபிரேமும் முடிந்தது. அளந்தார். மயிரிழை பிசகவில்லை. கட்டுகளை அவிழ்த்து இழுத்தார்.

வரவில்லை.

குழாய்களில் ஒன்றைக் கம்பிக்கு அந்தப் பக்கமும் மற்றவற்றை இந்தப் பக்கமும் வைத்துப் பற்றவைத்திருந்தார் மகானுபாவர். முக்கோணத்துக்கு நடுவே ஜன்னல் கம்பி கம்பீரமாக நின்றது.

கமலா வந்து பார்த்தார். "இன்னாங்க, ஜன்னலையும் சேத்துத்தான் ஓட்டணுமா?"

ஃபிரேமை அறுத்தால் திங்கள் போய்விடும். கம்பியை அறுத்தால் வீடு போய்விடும். மைக்ரோமீட்டர் டிரங்குப் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்தார், கம்பியைத் தட்டினார், யோசித்தார். "இதுக்குப் பதினெட்டு பல்லு பிளேடா, இருவத்திநாலு பல்லான்னு..."

கமலா ரம்பத்தைப் பிடுங்கி அறுக்க ஆரம்பித்தார்.

பாதி அறுத்திருப்பார், ஈர வேட்டியோடு நைனா வந்து நின்றார். "தேவுடா! என் ஜன்னலு! காலி பண்ணு! இப்பவே காலி பண்ணு!"

கமலா கையை நிறுத்தவில்லை. "நைனா, உங்க பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம் பூண்டியில மாமியார் ஊட்டுலதானே? அடுத்த மாசந்தானே? நாளைக்கு நான் வேலையில சேரலன்னா யாரு வந்து பாப்பாங்க, இந்த ஜன்னலா?"

நைனா ஈர வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு குனிந்து கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நேரா அறும்மா, கோணையா போவுது பாரு."

திங்கள் காலை, பெயிண்ட்கூட அடிக்காத சைக்கிளில் கமலா கிளம்பினார். மிதிக்கட்டை எட்டியது. அடுத்த மாதம் நைனாவுக்குப் பேத்தி பிறந்தாள், கமலா கையில்தான். ஆனாலும் நைனா நைனாதான். "கம்பி எங்கே? என் கம்பி எங்கே?" என்று தினமும் கேட்டார்.

"சரியான கம்பி தேடிக்கினே கீறேன் நைனா" என்றார் மைக்ரோமீட்டர். மாதங்கள் போயின. இந்த ஆள் திருந்தவே மாட்டார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஒரு சாயங்காலம் சீக்கிரம் திரும்பினேன். கம்பி இல்லாத அந்த இடைவெளியில் மைக்ரோமீட்டரின் தலை வெளியே நீண்டிருந்தது. ஊத்துக்கோட்டை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றதுகூடத் தெரியவில்லை. தூரத்தில் கமலாவின் சைக்கிள் மணி கேட்டது. தலை சட்டென்று உள்ளே போனது; ஒன்றுமில்லாத வைஸில் ஒரு அரம் சுறுசுறுப்பாகத் தேய்க்கும் சத்தம் வந்தது. அன்றுதான் அந்த மனுஷன்மேல் எனக்கு ஆசையே வந்தது.

மறுநாள் நைனா என்னைப் பிடித்தார். "இன்னா சார், உங்க ஆளு கம்பி வாங்கினானா இல்லியா?"

"ரொம்பக் கஷ்டம் நைனா. அந்தக் கனத்துல கம்பி மெட்ராஸ் பூரா தேடினாலும் கெடைக்காது" என்றேன்.

அந்தக் கம்பியை அவர் முதல் வாரமே வாங்கிவிட்டிருந்தார். நைனா கண்ணில் படாமலிருக்க என்னிடம் கொடுத்துவிட்டார்; அன்று காலையிலிருந்து அது எண்ணெய்த் துணி சுற்றி, என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.