ஐஸ் பெட்டி மேல் டிரோன்

சாவு வீட்டில் மாப்பிள்ளைக்கு ஒரே வேலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நிற்பது. என் மாமனார் செத்த அன்று எனக்கு அது போதவில்லை.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை தெரிகிற ஊர் அது. மாமனாரின் ஒரே மகன் குமார் துபாயில். லீவு கிடைக்கவில்லை. அப்பாவின் கடைசி ஊர்வலத்தையாவது பார்க்கணும் மாமா என்று போனில் அழுதான். ஆசைக்கு வாங்கிய கேமரா டிரோன் ஒன்று என்னிடம் இருந்தது. (வாங்கிய நாள் முதல் அது இடப்பக்கமாகவே இழுக்கும்.) மேலேயிருந்தே காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதைச் சரிசெய்ய, மட்டமான இடத்தில் வைத்து எது மட்டம் என்று அதற்குப் பழக்க வேண்டும். வாசலோ சரிவு. உள்ளே கால் வைக்க இடமில்லை. வீட்டிலேயே மட்டமாகத் தெரிந்தது மாமனார் படுத்திருந்த ஐஸ் பெட்டிதான். பெண்கள் டீ குடிக்க எழுந்த நேரம் பார்த்து, மாலைகளை ஒதுக்கி, அவர் நெஞ்சுக்கு நேராக டிரோனை வைத்தேன். (தண்ணீர் வடிவதற்காகப் பெட்டியின் ஒரு பக்கம் செங்கல் கொடுத்திருந்தார்கள். என் கண்ணில் படவில்லை.)

அடுத்தது திசை. டிரோனைக் கையில் ஏந்தி நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். இரும்புக்குப் பக்கத்தில் அதைச் செய்யக் கூடாதாம், பிறகுதான் தெரிந்தது. நான் அந்த இரும்புப் பெட்டியை ஒட்டி நின்றே சுற்றினேன். திரும்பிப் பார்த்தால் பங்காளி ஒருவர் கைகூப்பியபடி எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார். சடங்கு என்று நினைத்துவிட்டார்.

"இன்னும் எத்தினி சுத்துங்க மாப்ள?"

"முடிஞ்சிதுங்க" என்றேன்.

ஊர்வலம் கிளம்பிப் புளியமரத்தடிக்கு வந்தது. வெடி வெடித்தது. டிரோனைக் கிளப்பினேன். எழும்பியது, சாய்ந்தது, நேராக்க நேராக்க வட்டமடித்துக்கொண்டே தலைகளை நோக்கி இறங்கியது. அதன் இரைச்சலைக் கேட்ட யாரோ, தேனீ கலைஞ்சிபோச்சி என்றார். வெடிச் சத்தத்துக்குக் கூடு கலைவது அங்கே நடக்கிற விஷயம்தான். முதலில் மேளம் ஓடியது. அப்புறம் சங்கு. பாடையைத் தூக்கியவர்களும் அதை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் தலையை மூடிக்கொண்டு ஓடினார்கள்.

டிரோன் காட்டியதையெல்லாம் குமார் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் அவன் குரல் வந்தது.

"மாமா, எங்கப்பாவ ஏன் நடுரோட்டுல தனியா வுட்டுட்டு ஓடறாங்க?"

பாடையில் நானே படுத்துக்கொண்டிருக்கலாம் என்றிருந்தது. ரிமோட்டில் மாட்டியிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, பாடைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.

"தனியா இல்ல குமாரு. நான் இருக்கேன்."

மூஞ்சியைக் காட்டச் சொன்னான். போனைக் கிட்டே பிடித்தேன். நெற்றிக் காசு கொஞ்சம் நகர்ந்திருந்தது, சரியாக வைத்தேன். ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். டிரோன் மலைப் பக்கம் போய்விட்டது. நான் தேடவில்லை.

இப்போதும் என் மனைவி வீட்டுப் பக்கம் சாவு விழுந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். யார் பேசினாலும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறக்காமல் இதையும் சொல்வார்கள்:

"மாப்ள, நீங்க கைய வீசிக்கினு வாங்க. அது போதும்."