திறக்கக் கூடாத பாட்டில்

தகுந்த சந்தர்ப்பம் வரும்வரை அந்த பாட்டிலைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். எந்தச் சந்தர்ப்பம் தகுந்தது என்று முடிவு செய்கிறவன் நான். அதாவது, திறப்பதே இல்லை என்று சபதம்.

நான் பல் டாக்டர். முப்பது வருடமாக அடுத்தவர் வாயில் கைவைத்துப் பிழைப்பவன். என்னிடம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட ஒரு கப்பல் கேப்டன், வலிக்கவே இல்லை என்ற சந்தோஷத்தில் ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். லேசுப்பட்ட சரக்கு இல்லை. முப்பத்திரண்டு வருடம் மரப்பீப்பாயில் கிடந்தது. அதை வடித்த ஆலையை இழுத்து மூடி, இடித்து, அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். இனி அதில் ஒரு சொட்டு புதிதாக வராது. உலகத்தில் எத்தனை பாட்டில் மிச்சமோ, எனக்குத் தெரியாது. என் அலமாரியில் ஒன்று இருந்தது, அது தெரியும்.

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள் வந்தது. போதாது என்றேன். மகளுக்கு வேலை கிடைத்தது. போதாது. போன மாதம், கெமிஸ்ட்ரி டீச்சரான என் மனைவி ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனாள்.

"இன்னிக்காவது திறக்கலாமாங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா? எனக்கு புரமோஷன்ங்க!"

"நீ ரிட்டயர் ஆகும்போது பாக்கலாம்மா. அது இன்னும் பெரிய விஷயம்."

ஆரஞ்சு ஜூஸில் கொண்டாடினோம். அவள் முகம் சுருங்கியது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் நான் பயந்திருக்க வேண்டும்.

இந்தத் திங்கட்கிழமை காலை பாட்டிலைத் துடைக்கப் போனேன். தினமும் துடைப்பேன், மூக்குக்கண்ணாடித் துணியால். படுக்கவைத்திருந்த பாட்டிலின் கழுத்துக்குக் கீழே பழுப்பாக ஏதோ தூள்.

"ஏம்மா, இங்க ஓடி வா! பாட்டில் உதிருது!"

அவள் வந்தாள். தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"கார்க்குங்க இது. எத்தனை வருஷமா படுக்க வெச்சிருக்கீங்க?"

"நாலு. ஒயினை அப்படித்தானே வைப்பாங்க?"

"அது ஒயினு. விஸ்கியில ஆல்கஹால் ஜாஸ்தி. படுக்க வெச்சா கார்க்கை மெல்ல அரிச்சிடும்."

"அய்யய்யோ! நிமித்தி வெச்சா நின்னுடுமா?"

"வெச்சுப் பாருங்க."

வைத்தேன். செவ்வாய் ஒரு சிட்டிகை. புதன் இரண்டு. வியாழக்கிழமை எனக்குத் தூக்கமே போய்விட்டது. வெள்ளிக்கிழமை, மேல் பல் வலி என்று வந்தவருக்குக் கீழ்த்தாடையில் ஊசி போட்டேன். சனிக்கிழமை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்களே டாக்டர். வேர் வரைக்கும் அரிச்ச பல்லு, என்ன பண்ணுவீங்க?"

"பிடுங்கிடுவேன்."

"எப்போ?"

"உடனே! தள்ளிப் போட்டா எல்லாம் கெட்டு..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஊரார் வாயால் பிழைத்த நானும் கடைசியில் என் வாயால்தான் கெட்டேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. மேஜையில் வெள்ளைத் துணி விரித்தேன். கிளினிக் இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். உதிரும் கார்க் உள்ளே விழுந்தால் தொலைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் திருகி, மெல்ல இழுத்தேன். டப்! வந்துவிட்டது.

இரண்டு கிளாஸில் கண்ணளவிலேயே சொட்டு பிசகாமல் சமமாக ஊற்றினாள் என் மனைவி.

ஒரு வாய் குடித்தேன். முதலில் தேன். பிறகு ஆப்பிள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, அணைந்த அடுப்பின் புகை. முப்பத்திரண்டு வருடம் இருட்டில் அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தால்தான் இப்படி ஒரு பக்குவம் வரும். இதை வடித்தவர்கள் வேலை போய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் செய்த வேலை இன்னும் போகவில்லை. எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல் இருந்தது.

"இவ்வளவு நல்லதையா நாலு வருஷமா வெறுமனே துடைச்சிட்டு இருந்தீங்க?" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

தொழில் பழக்கம் விடுமா? பிடுங்கியதை எடுத்து வேரைப் பார்த்தேன். கார்க் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு மூலை உடையவில்லை.

"ஏம்மா... இதுல எதுவுமே உதிரலியே?"

"ஆமா, உதிரல."

"அப்ப அந்தத் தூள்?"

"எங்க லேப் கார்க்குங்க அது. கண்ணாடிக் குழாய் சொருக ஓட்டை போடுவோம்ல, அப்ப விழறது. தினமும் கொஞ்சம் கைப்பையில எடுத்துட்டு வந்தேன்."

கோபம் வர வேண்டும். வரவில்லை. திங்களன்று கொஞ்சம், செவ்வாய் ஒரு சிட்டிகை, புதன் இரண்டு என்று நாள் பார்த்து அளவை ஏற்றியிருக்கிறாள்! சொத்தையே இல்லாத பல்லில் சொத்தை காட்டி, டாக்டரையே பிடுங்க வைத்திருக்கிறாள். இந்த மூளைக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடத்தைக் கொடுத்தது அநியாயம்.

"உன் புரமோஷனுக்கே திறந்திருக்கணும்மா. என் தப்புதான்," என்றேன். மனதாரச் சொன்னேன்.

"பரவால்லங்க. இப்ப திறந்தாச்சில்ல," என்று சிரித்தாள்.

முக்கால் பாட்டிலுக்கு மேல் இன்னும் இருந்தது. இறுக்கி மூடி, மாதம் ஒரு மூடி வீதம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் குடித்தால் எத்தனை வருடம் வரும் என்று யோசித்துக்கொண்டே கார்க்கைக் கையில் எடுத்தேன். வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் பதினொரு பேர். ஆளுக்கொரு கிளாஸோடு நின்றார்கள். முன்னால் நின்ற டிரில் மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன மனசு சார் உங்களுக்கு! மேடம் புரமோஷனுக்கு அந்த பாட்டிலையே திறக்கறீங்க, எங்க எல்லாரையும் வரச் சொன்னீங்கன்னு மேடம் போன வாரமே சொல்லிட்டாங்களே!"