ரொட்டிச் சூட்டில் முடிந்த அரபு நாவல்

முப்பத்தோர் ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவனுக்குத் 'தெரியாது' என்ற சொல் எளிதில் நாவில் வருவதில்லை. வந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது.

மைசூரில் எங்கள் வாசகர் வட்டம் ஓர் அரபு நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுத்தது. அதன் பாத்திரம், கதைப்பின்னல், களம் ஆகியவற்றின் கட்டமைப்பை ஆராய்ந்து நான் உரையாற்ற வேண்டும். அன்றே வட்டத்தின் தலைவரையும் தேர்வு செய்வார்கள். (என்னை விட்டால் வேறு யார்?)

மின்னஞ்சலில் நாவல் பன்னிரண்டு கோப்புகளாக வந்தது. அத்தியாயங்களுக்குப் பெயர் உண்டு, எண் இல்லை. பக்க எண்ணும் ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்தே தொடங்கியது. மற்றவர்கள் கைப்பேசியில் வாசித்தார்கள். நான் அச்சிட்டு, பைண்டிங் கடையில் அத்தியாய வரிசையைத் திருப்பச் சொன்னேன்.

"வந்த ஆர்டர்லயே இருக்கட்டுமே சார்," என்றார் கடைக்காரர்.

"அரபு நூல் வலப்புறம் தொடங்குவது. கடைசி என்று நீர் நினைப்பதே முதல்."

"இங்கிலீஷ்ல தானே சார் இருக்கு?"

"சொன்னதைச் செய்யும்."

"சரி சார். படிச்சவங்க நீங்க."

வாசித்து வியந்தேன். பாழடைந்த துறைமுக நகரில், அணைந்த அடுப்பின் முன் தனித்திருக்கும் கிழ ரொட்டிக்காரர், அத்தியாயந்தோறும் இளைஞராகிறார். கடலில் மாண்ட மகன் பிற்பாடு பிறக்கிறான். நகரம் செழிக்கிறது. இறுதியில் புதுமனைவியின் கையில் முதல் ரொட்டி, சூடாக.

'விளைவை முன்வைத்துக் காரணத்தைத் தேடும் பின்னல்' என்று ஒரு மணி நேரம் முழங்கினேன்.

ஓய்வுபெற்ற செவிலியர் கமலம்மா எழுந்தார். "சென்னாகி, ரொம்ப நல்லாப் பேசினீங்க சார். ஆனா எங்க புக்குல பையன் பொறந்து, அப்புறம்தானே சாகறான்? உங்களுக்கு மட்டும் செத்துட்டுப் பொறக்கறானே."

"அதுவே உத்தி," என்றேன். பைண்டிங் கடைக்காரர் கேட்டது அப்போதுதான் உறைத்தது.

அவர் என் பிரதியை வாங்கிப் புரட்டினார். சிரிப்பார் என்று காத்திருந்தேன், சிரிக்கவில்லை. "முடிவு படிச்சு ரெண்டு நாள் அழுதேன் சார். இப்படிப் படிச்சா அழ வேண்டாம். இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

எத்திசையிலிருந்து வாசித்தாலும் சிதையாத நாவலை எழுதியவரை அன்று மனத்தால் வணங்கினேன். தலைவராகக் கமலம்மா தேர்வானார். நானும் கை உயர்த்தினேன்.

பார்வையாளர் வரிசையில் என் மனைவியும் அமர்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் இலையில் முதலில் மோர்ச்சோறு விழுந்தது. "சாம்பார் கடைசியில வரும்," என்றாள். "கதைப்பின்னல் அப்படி."

இன்றும் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், எனக்கு மட்டும் அந்த வரிசைதான்.