மொட்டைத் தலைகளில் ஒரு கம்பெனி ரகசியம்

ரகசியம் காப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவளே அதைக் கோட்டைவிட்டால் அவளுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? எனக்குக் கிடைத்த தண்டனை திருமலையில் தொடங்கியது.

ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் எனக்கு முதல் வேலை. வெளிநாட்டு பிராண்ட் ஒன்றுக்குத் தோள்பை தைக்கும் தொழிற்சாலை. டிசைன் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வாசலில் எல்லோருடைய போனையும் வாங்கி வைப்பேன். மிஞ்சிய துணியைப் பொடிப்பொடியாக நறுக்கச் சொல்வேன். புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து அறிவுசார் சொத்துரிமை பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். (பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் தூக்கத்தை அடக்குவார்கள்.)

நகரியில் எங்கள் வீட்டிலும் அதே கெடுபிடிதான். அங்கே என்ன தைக்கிறீர்கள் என்று அம்மா கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன். "சொத்து சொத்துன்றியே, பட்டா யார் பேர்ல கீது?" என்று ஒருமுறை கேட்டாள்.

ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸில் சாம்பார் கசிந்தது. கைக்குக் கிடைத்த துணியால் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். (வாசலில் பையைச் சோதிப்பதும் நான்தான். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.) அது இன்னும் கடைக்கே வராத பைக்கான துணி. மஞ்சளில் பச்சைப் படிக்கட்டுகள். அம்மா அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். நான்கு விசைத்தறி வைத்துத் துண்டு நெய்யும் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து பிராண்டின் டிசைன் தலைவி கிளாரா வந்தார். திருமலைக்குப் போக ஆசைப்பட்டார். நம்பகமான ஆள் என்று மேனேஜர் என்னைக் கூட அனுப்பினார்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். எதிரே அப்போதுதான் முடி கொடுத்த ஒரு குடும்பம். ஏழு மொட்டைகள். ஏழின் மேலும் மஞ்சளில் பச்சைப் படிக்கட்டு போட்ட துண்டு. கிளாரா அப்படியே நின்றுவிட்டார். நான் லட்டுப் பையைத் தூக்கி என் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

துண்டு எங்கே வாங்கியது என்று அவர்களிடமே கேட்டு, கீழே திருப்பதியில் அந்தக் கடைக்குப் போனோம். நகரி சரக்கு என்று கடைக்காரர் லேபிளைக் காட்டினார். நைனா தன் துண்டுக்கு மகள் பெயரை வைத்திருந்தார். கிளாரா லேபிளைப் படித்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்தார்.

கிளாரா காரை நேரே நகரிக்கு, எங்கள் வீட்டுக்கே விடச் சொன்னார். புத்தூர் தாண்டுவதற்குள் மனதில் மூன்று ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன்.

வீட்டில் நைனா எதையும் மறைக்கவில்லை. "உன் துணியப் பாத்துத்தாம்மா போட்டேன். இது நம்ம படிக்கட்டாச்சே, இத்தினி நாளா மறந்துட்டு கீறமேன்னு தோணுச்சு" என்றபடி பழைய சாம்பிள் நோட்டை எடுத்து வந்தார். நான் பிறப்பதற்கு முன்பே ஒட்டிய துணி. அதே படிக்கட்டு, வெள்ளையில் சிவப்பு. அச்சு மாறவில்லை, நிறம்தான் வேறு.

நான் மொழிபெயர்த்தேன். கிளாரா அந்தப் பக்கத்தை வெகுநேரம் தடவிப் பார்த்தார். முன்பொரு முறை சென்னைத் தெருக்கடையில் ஒரு துண்டு வாங்கியதாகவும், அது அவர் மேசையிலேயே கிடந்ததாகவும், அதைப் பார்த்துத்தான் இந்த டிசைனை வரைந்ததாகவும் மெதுவாகச் சொன்னார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அப்படியென்றால் திருடியது நான்தான்" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று நைனா என்னைக் கேட்டார். சொன்னேன். "புடிச்சிருந்தா இன்னும் ரெண்டு எடுத்துக்கினு போவச் சொல்லு" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். கிளாரா சிரித்த சிரிப்பில் தறி ஓட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வகுப்பு எடுக்கும் வேலை போய், ஜிப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை வந்தது. நைனாவுக்கோ பைகளின் உள்துணி நெய்யும் ஆர்டர் வந்தது. ஒவ்வொரு பையின் சீட்டிலும் 'நகரி நெசவு' என்று போட்டார்கள். கூடவே, டிசைனை யாருக்கும் காட்டக்கூடாது என்ற ஒப்பந்தமும் வந்தது. அன்றிலிருந்து அம்மாவைக்கூட அவர் தறிக்கொட்டகைக்குள் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் நெசவுக்காரர். தறியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். நைனா கதவை மறித்து நின்று, பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் பேனா கேட்டார்.

இன்றும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மாமனார் பந்தியில் உட்கார்ந்ததும் அதைத்தான் தொடங்குவார்: "பொண்ணு பாக்கப் போனேன். பஜ்ஜி வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிட்டாங்க."