சகலனை விட ஒரு குரோணர் குறைவாக

“காம்பிங் இடத்தை நீங்கள் எவ்வளவுக்குப் புக் பண்ணினியள்?” என்று ஜீவரட்ணம் தொலைபேசியில் கேட்டபோதே நித்தியானந்தன் பேச்சை மாற்றியிருக்க வேண்டும். புத்தி அவருக்கு எப்போதும் அரை மணித்தியாலம் பிந்தித்தான் வரும்.

“ஒரு இரவுக்கு முந்நூற்றி இருபது குரோணர், அண்ணை. முற்கூட்டியே புக் பண்ணினபடியால் மலிவு.”

“அப்பிடியோ? எனக்கு இருநூற்றி ஐம்பத்தாறு எண்டெல்லோ வந்தது.”

“அதே காம்பிங்கோ?”

“அதே காம்பிங், அதே மூண்டு நாள், கறண்டோட. நாங்கள் மூண்டு பேர், நீங்களும் மூண்டு பேர்.”

“நீங்கள் என்ன செய்தனியள், அண்ணை?”

“நான் ஒண்டும் செய்யேல்லை. கேட்டதை எழுதிக் குடுத்தன்.”

ஜீவரட்ணம் டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் இருக்கும் சகலன். மனைவியின் அக்காவைக் கட்டியவர். நித்தியானந்தன் எதை வாங்கினாலும் அதையே குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, அதைத் தன்மையாகச் சொல்லவும் தெரிந்தவர். கோபப்படக்கூட இடம்கொடுக்காத மனிதர்.

தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த மனைவி புஷ்பராணியின் கத்தி நின்றது.

“இஞ்சேருங்கோ, இந்தக் கரவன் வாங்கேக்க என்ன சொன்னனீங்கள்?”

ஹோட்டல் செலவில் பாதியோடு விடுமுறை முடியும் என்று சொல்லியிருந்தார். அவள் வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டும் கேளாமல், காருக்குப் பின்னால் இழுக்கும் அந்த இருபது வயதான வீட்டு வண்டியை பிராண்டேக்கு இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்குள் தனியே போய் உட்கார்ந்திருப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. 

“அத்தானை விட ஒரு குரோணர் கூடக் குடுத்தாலும் உந்தக் கரவன் பெட்டியை விக்கிறது. சொல்லிப்போட்டன்.”

அன்றைக்கே பதிவை ரத்துச் செய்தார். அதற்கு நூறு குரோணர் பிடித்தார்கள். அதை அவர் புஷ்பராணிக்குச் சொல்லவில்லை.

புதிதாக முழுப் படிவத்தையும் நிரப்பினார். பெயர், கார் இலக்கம், ஆட்கள், நாய் உண்டா, பிறந்த திகதி. பிறந்த திகதி வந்ததும் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருடங்களுக்கு முன் அவரை ஊரிலிருந்து இங்கே கொண்டுவந்த ஏஜென்ட், அவசரத்தில் கடதாசியில் ஆறு வயதைக் கூட்டி எழுதிவிட்டான். டென்மார்க் அரசாங்கமும் அதையே பிடித்துக்கொண்டது. போன வருடம் காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு டேனிஷ் வழக்கப்படி மேசையில் கொடி வைத்துக் கேக் வெட்டினார்கள். அவருக்கு அப்போது உண்மையில் ஐம்பத்து நாலு. அன்று இரண்டு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கண்ணாடியில் தன் முகத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆகவே பிறந்த திகதி பதிந்த மஞ்சள் சுகாதாரக் கார்ட்டைக் கேட்காத இடங்களிலெல்லாம் தாய் பெற்ற திகதியையே எழுதுவார். இங்கேயும் எழுதினார்.

விலை வந்தது. முந்நூற்றி நாற்பத்தைந்து.

“ஏறிப்போச்சு!”

“ஸ்லாப் ஏ, ஃபார்,” என்றாள் மகள் மிதுஷா. ஆறுதலாய் இரு அப்பா என்பதை அவள் டேனிஷில்தான் சொல்வாள். “சனம் புக் பண்ணப் பண்ண விலை ஏறும்.”

“அப்ப உன்ர அப்பரை விட முந்திப் புக் பண்ணின ஆள் ஆர்?”

“நீங்கள்தான். ரத்துச் செய்தீங்கள்.”

அவளுடைய போனிலும் போட்டுப் பார்த்தார். அதே விலை. இனி வெட்டுவதைத் தவிர வழியில்லை என்று தோன்றியது. முதலில் கறண்டை வெட்டினார். முந்நூறு. பிறகு மகளை வெட்டினார். இருநூற்றி அறுபத்தைந்து. இன்னும் ஒன்பது குரோணர் இடித்தது. கடைசியில் ‘சிறிய இடம்’ என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினார். இருநூற்றி ஐம்பது!

ஆறு குரோணரால் வெற்றி. அரை மரதன் ஓடி முடித்தவரைப் போல வியர்த்துக்கொண்டு மனைவியிடம் திரையைக் காட்டினார்.

“கறண்ட் இல்லாமல் ரைஸ் குக்கர் என்னெண்டு வேலை செய்யும்?” என்று கேட்டாள் புஷ்பராணி.

“காஸ் அடுப்பு இருக்குத்தானே.”

“எங்க இருக்கு?”

கடையில் இருந்தது. முந்நூற்றி நாற்பத்தொன்பது குரோணர். சிலிண்டருக்கு வேறாக. “அது அடுத்த வருசமும் உதவும்,” என்று சொல்லிக்கொண்டார். தன்னைத் தானே ஏமாற்றுவதில் அவர் கைதேர்ந்தவர். சொல்லும் ஆளும் நம்பிவிடும் ஆளும் ஒரே ஆள் என்பதால் வேலை சுலபம்.

வெள்ளிக்கிழமை மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ‘சிறிய இடம்’ என்பதன் பொருள் விளங்கியது. கரவன் நின்றது, கதவு பாதிதான் திறந்தது. எதிரே, எல்லோரும் தங்கள் கரவன் கழிப்பறைப் பெட்டியைக் கொண்டுவந்து ஊற்றும் இடம். வருகிற ஒவ்வொருவரும் பெட்டியோடு நின்று “ஹை” சொல்லிவிட்டுப் போனார்.

கடல் தெரியும் இடத்தில் ஜீவரட்ணத்தின் ரைஸ் குக்கர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இங்கே கடற்காற்று காஸ் அடுப்பை ஏழு தரம் அணைத்தது. அரிசி வெந்ததும் வேகாததுமாய்க் கிடந்தது. பதிவில் இல்லாத மிதுஷா, காம்பிங் காவலாளி வரும்போதெல்லாம் குனிந்து கொண்டாள்.

“ஃபார், நான் இருபத்தொரு வயசுப் பிள்ளை. மேசைக்குக் கீழ இருக்கிறன்,” என்றாள்.

அது அவரைச் சுட்டது. பெற்ற பிள்ளையை முப்பத்தைந்து குரோணருக்காக ஒளித்துவைத்திருக்கிறோமே என்று உண்மையாகவே வெட்கப்பட்டார்.

புஷ்பராணி சட்டியை மூடினாள். “போய்க் கறண்டையும் பிள்ளையையும் நல்ல இடத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ. பெட்டியைப் பற்றி வீட்டை போய்க் கதைப்பம்.”

வீட்டில் போய்க் கதைப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அலுவலகத்துக்கு நடந்தார். புஷ்பராணி பின்னாலேயே வந்தாள். உதவிக்கென்று ஜீவரட்ணமும் வந்தார்.

வரவேற்பில் இருந்த இளம்பெண் கணினியைத் தட்டினாள். எல்லாம் சேர்த்து, வார இறுதி விலையில், ஒரு இரவுக்கு நானூற்றிப் பத்து.

“நானூற்றிப் பத்தோ!” என்றாள் புஷ்பராணி.

நித்தியானந்தன் திரும்பிப் பார்க்கவில்லை. மனதுக்குள் கரவனுக்கு விற்பனை விளம்பரம் எழுதத் தொடங்கியிருந்தார். நல்ல நிலையில் உள்ளது, உரிமையாளர் மட்டும் சரியில்லை.

“கேற் திறக்கும் சாவிக்கு உங்கள் மஞ்சள் கார்ட் வேண்டும்,” என்றாள் பெண்.

கொடுத்தார். அவள் கார்ட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி கார்ட்டைப் பார்த்தாள். பிறகு, பின்னால் நின்ற புஷ்பராணிக்கும் ஜீவரட்ணத்துக்கும் கேட்கிற மாதிரியே டேனிஷில் கேட்டாள்:

“அறுபது தாண்டியவர்களுக்கு எந்த நாளிலும் எல்லா வசதியோடும் இருநூற்றி ஐம்பத்தாறுதானே, நீங்கள் எதற்காக ஆறு வயதைக் குறைத்துப் போட்டீர்கள்?”