சைக்கிள் வேண்டுதலை ரயிலுக்கு மாற்றித் தரக் கோரி

இயேசு மரி சூசை துணை

நீலசந்திரா, பெங்களூரு

பெருமதிப்பிற்குரிய அருட்தந்தை ஸ்தனிஸ்லாஸ் சாமி அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் ஓஸ்வால்ட் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அக்காள் பியாட்ரிஸும் இன்றைய தேதி வரை சுகம். நாளைய தேதிக்கு நான் பொறுப்பில்லை. தங்களையும் தங்கள் பங்கு மக்களையும் மாதா தன் சேலைக்குள் வைத்துக் காப்பாளாக. வழக்கமாகத் தங்களை மச்சான் என்றுதான் எழுதுவேன். இன்று சாமியாரால் ஆகவேண்டிய காரியம், அதனால் சாமி. வாட்ஸ்அப்பில் எழுதினால் தங்கள் அக்காள் பார்த்துவிடுவாள், அதனால் தபால்.

காரியம் இதுதான். எனக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் ஒரு வேண்டுதல் வைத்தாள் அல்லவா, 'என் புருஷனைக் காப்பாத்து தாயே, அவர் பெங்களூர்லேர்ந்து வேளாங்கண்ணிக்கு சைக்கிள் மிதிச்சே வருவார்' என்று? சாமி கவனிக்க வேண்டும். வேண்டியது அவள், மிதிக்கப் போவது நான். மயக்கத்தில் கிடக்கிறவனின் கால்களை அவனைக் கேட்காமல் எழுதிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? மொட்டை என்றிருந்தால் தலையைக் குனிந்திருப்பேன், எனக்கு அங்கே பெரிதாக நஷ்டமும் இல்லை. நான் டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்த நாற்காலியிலேயே ரிட்டயர் ஆனவன். சில்க் போர்டு சிக்னலை ஆட்டோவில் கடக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்கிறவன். ஓசூர் ரோட்டு லாரிகளுக்கு நடுவில் சைக்கிளில் போவதை நினைத்தாலே நெஞ்சில் தையல் போட்ட இடம் சுருக்கென்கிறது.

டாக்டர் ப்ரஹ்லாத் கட்டாயம் தடுப்பார் என்று நம்பி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு போனேன். அந்த மனுஷன் என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சூப்பர் சார்! இப்பவே ஆரம்பிச்சு மெதுவா பழகுங்க. சும்னே பயப்படாதீங்க, ஓசூர் வரைக்கும் நானே கூட வர்றேன்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிக் கை கொடுத்தார். ஒரு சர்ட்டிபிகேட் கேட்டேன், போகக்கூடாது என்று. போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பியாட்ரிஸ் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

சரி, கடையில் சைக்கிள் வாங்கலாம் என்று போனால் கடைக்காரன், "இப்பவே ஓட்டிட்டுப் போங்க சார்" என்றான். கலர் பிடிக்கவில்லை என்று சொல்லி வெளியே வந்தேன். அப்போதுதான் லிங்கராஜபுரத்தில் கிஷோர் என்று ஒரு பையன் ஆளுக்கு ஏற்ற மாதிரி தூரப் பயணத்துக்கான சைக்கிள் செய்து தருகிறான், ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்று கேள்விப்பட்டேன். மாதாவே வழி காட்டினாள் என்று ஓடிப்போய் ஆர்டர் கொடுத்தேன். சாமி, உண்மையைச் சொல்கிறேன், நான் சைக்கிள் வாங்கவில்லை, தாமதத்தை வாங்கினேன்.

ஆனால் அந்தப் பையன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவன், சுறுசுறுப்பு தாங்க முடியவில்லை. உடம்பு அளவெடுக்க வரச்சொல்லி தினம் போன். நேரில் போனால் காரியம் நகர்ந்துவிடுமே என்று, டெய்லருக்குக் கொடுத்து அனுப்புகிற மாதிரி ஒரு அளவு பேண்ட்டைப் பையில் போட்டு அனுப்பினேன். அது என் கல்யாண பேண்ட். "அங்கிள், இது உங்க பையனோடதா?" என்று அவன் வீட்டு நம்பருக்கே போன் போட்டுவிட்டான். எடுத்தது தங்கள் அக்காள். அடுத்த ஆட்டோவில் என்னை இழுத்துக்கொண்டு போனாள். சுவரோரம் நிற்க வைத்து, கால் நீளம் அளக்கக் காலிடுக்கில் ஒரு கட்டையை வைத்து அவன் மேலே தூக்கினான் பாருங்கள், நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு பாகத்தையும் நான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். நானும் விடவில்லை. இரும்பா அலுமினியமா என்று யோசிக்க அவகாசம் கேட்டேன். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்றேன். "அப்படிப் பண்ணா அது சைக்கிள் இல்ல அங்கிள், நாற்காலி" என்றான். நான் கேட்டதும் அதுதானே! மேடேறச் சின்ன கியர் இருக்கு, இறக்கத்துக்குப் பெரிய கியர் இருக்கு என்று விளக்கினான். திரும்பி வர கியர் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்றான். அதற்கு மேல் பழைய ரப்பர் பிரேக்கும் வை, அது தோற்றால் இது என்றேன். தண்ணீர் பாட்டில் மாட்ட ஃப்ரேமில் மூன்று இடம் வைக்கிறேன் என்றான். ஒன்று தண்ணீருக்கு, ஒன்று மாத்திரைக்கு, ஒன்று தீர்த்தத்துக்கு என்று சொன்னேன். "தீர்த்தமா? எதுக்கு அங்கிள்?" என்றான். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வேளாங்கண்ணி வேண்டுதல் என்று சொன்னதும் அவன் செருப்பைக் கழற்றிவிட்டான், சாமி. "மாதா காரியமா! எங்கம்மா வருஷா வருஷம் போவாங்க. மத்த ஆர்டரெல்லாம் அப்புறம், முதல்ல உங்களுது" என்றான். நான் வாங்கி வைத்த மாதங்கள் எல்லாம் ஒரே வார்த்தையில் போயின. இந்த வாரக் கடைசியில் சைக்கிள் வருகிறது.

தெருவுக்கும் தெரிந்துவிட்டது. நேற்று எதிர்வீட்டு நோரா, மகள் பிரசவத்துக்காக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டது என்று ஒரு தென்னங்கன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "அண்ணே, பின்னாடி கேரியர்ல கட்டிக்குங்க, வாடாம பாத்துக்குங்க" என்று போய்விட்டாள். என் உயிரே வாடிக் கிடக்கிறது, இதில் கன்றுக்கு வேறு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே சாமி, ஒருவர் வைத்த வேண்டுதலை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கக் குருக்களுக்கு அதிகாரம் உண்டாமே. தயவுசெய்து இதை ரயிலுக்கு மாற்றித் தரவும். சைக்கிளையும் ரயிலிலேயே ஏற்றிவிடுகிறேன். கோயில் தெருவில் மட்டும், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, உருட்டிக்கொண்டு வருகிறேன். மாதா நல்லவள், ஒத்துக்கொள்வாள். தங்கள் அக்காளுக்குத்தான் தங்கள் வாயிலிருந்து வர வேண்டும். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, சாமி. ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

தங்கள் ஆசீரை வேண்டி, முழங்காலில் நின்று,
ஓஸ்வால்ட்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் காபி குடிக்க எழுந்தேன். திரும்பி வருவதற்குள் தங்கள் அக்காள் முழுவதையும் படித்துவிட்டாள். வீடு ரெண்டாகும் என்று சுவரோரம் நின்றேன். அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாகிவிட்டது.

"ஏன் பியா, பஸ்ல வருவார்னு வேண்டியிருக்கக் கூடாதா?" என்று நானே கேட்டேன்.

"அன்னிக்கு டாக்டருங்க, உயிர் பிழைச்சுடுவாரு, ஆனா எழுந்து நடமாடுவாரான்னு இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாங்க. பஸ்னா உங்களைத் தூக்கி உக்கார வெச்சுக்கூடக் கூட்டிட்டுப் போயிடலாம். சைக்கிள்னா நீங்களே மிதிச்சாகணும் இல்ல? அவ்ளோ தூரம் மிதிக்கிற மாதிரி ஆளைத் திருப்பிக் குடுன்னு கேட்டேன். உங்களை மாட்டிவிடணும்னு வேண்டல" என்றாள். பிறகு, "இவ்ளோ பயம்னா போக வேணாம். மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று உறையை என் பக்கம் தள்ளினாள்.

இத்தனை மாதம் அவள் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை, மச்சான்.

மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். வேண்டுதல் அப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். பயமும் அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சமும் குறையவில்லை. பின்னால் ஒரு சீட் வைத்து அவளையும் ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று கிஷோரிடம் கேட்டேன். அவன் செய்கிறேன் என்கிறான், அவள்தான் ஏற மாட்டாளாம். முந்தின நாளே ரயிலில் போய்க் கோயில் வாசலில் நிற்பாளாம். "நீங்க மிதிச்சு வர்றதை நான் எதிர்ல நின்னு பாக்கணும்" என்கிறாள்.