யான்னாவின் காது

மூன்று வருஷம் கழித்து நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் கால்வாய் கெட்டியாக உறைந்தது. அதுவும் டவ்வேயின் மாமியார் பிறந்தநாளன்றுதானா உறைய வேண்டும்! அவள் வீட்டில் உறவுக்காரர் இருபது பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்வார்கள். பிறந்தநாள்காரிக்கு மட்டுமல்ல, அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரே துண்டு கேக்கை வைத்துக்கொண்டு மாலைவரை ஓட்ட வேண்டும். நாளைக்கு ஐஸ் உருகிவிடுமாம். ஸ்கேட்டிங் போகக் காத்திருந்த டவ்வேக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் நேற்றுக் கன்று போட்ட பசு யான்னா ஞாபகத்துக்கு வந்தது. பால் சுரக்கிற வேகத்தில் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டால் மாடு தள்ளாடும், காது ஜில்லிடும், படுத்தால் எழுந்திருக்காது. உடனே மருந்து ஏற்றாவிட்டால் உயிரே போய்விடும். டவ்வே ஒரு வாளி ஐஸோடு தொழுவத்துக்குப் போய், யான்னாவின் காதைப் பத்து நிமிஷம் தேய்த்தான். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டான்.

“காதைத் தொட்டுப் பாரு ஹிஸ்கே. இதை விட்டுட்டு நான் எப்படி வர்றது?”

ஹிஸ்கே மாடுகளோடு வளர்ந்தவள். காது நுனியைத் தொட்டாள். காதின் அடியையும் தொட்டாள், கதகதப்பாக இருந்தது. மூக்கைத் தடவினாள், ஈரமாக இருந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். புதுச்சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. யான்னா நிதானமாக அசைபோட்டது.

“பாவம், தனியா விடக் கூடாதுதான்,” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போனாள்.

கட்டிய பெண்டாட்டி இவ்வளவு நல்லவளா என்று டவ்வே உருகிப்போனான். ஸ்கேட்டிங் ஷூவைத் தேடி எடுத்துத் துடைத்தான். துடைத்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னும் ஆறு கார்கள். மாமியார் கேக்கோடு இறங்கினாள், மற்றவர்கள் மடக்கு நாற்காலிகளோடு இறங்கினார்கள்.

ஹிஸ்கே தோளில் தன் ஸ்கேட்டிங் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள்.

“நீங்க வர முடியாதுன்னீங்களே, அதான் எல்லாரையும் இங்கயே வரச் சொல்லிட்டேன். மாட்டையும் பாத்துக்குங்க, அம்மாவையும் பாத்துக்குங்க. நான் கால்வாய்ப் பக்கம் போயிட்டு வரேன்.”

“மாட்டுக்கு ஒண்ணும் இல்ல, ஹிஸ்கே,” என்றான் டவ்வே மெல்ல.

“தெரியும். அதை அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

டவ்வே துடைத்த ஷூவைக் கீழே வைத்தான். அவளுக்கே மனசு இளகிவிட்டது.

“இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நான் வந்துடறேன், அப்புறம் நீங்க ஸ்கேட்டிங் போங்க. அதுக்குள்ள ஒருத்தர் விடாம வாழ்த்தி முடிங்க.”

டவ்வே ஓட்டமாக உள்ளே ஓடி, முதல் நாற்காலியில் இருந்தவருக்குக் கையை நீட்டினான்.